பழைய சட்டமும் புதிய பிடியும்

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 1970, 80களில் செய்யப்பட்ட எஃகுப் பந்தய சைக்கிள்கள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றில் கியரை மாற்ற, ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துக் கீழ்க்குழாயிலுள்ள நெம்புகோலைத் தொட வேண்டும். 1990இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் பிரேக்கையும் கியரையும் ஒரே பிடியில் இணைத்தது. 1992இல் இத்தாலியின் கம்பக்னோலோ நிறுவனமும் அவ்வாறே செய்தது. இப்பிடியைப் பழைய வண்டியில் பொருத்தலாமா?

'பழமை கெடும்' என்பர் சிலர். பழமையைப் போற்ற இடங்கள் உண்டு. இத்தாலியில் 1997இல் தொடங்கிய லெரோயிகா விழா, பழைய வண்டிகளைக் கொண்டாடுகிறது. ஆனால் நாள்தோறும் நெரிசலில் ஓட்டுபவனுக்கு, இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருப்பது உயிர்ப் பிரச்சினை அல்லவா?

அறிவியலும் இதற்கு இடந்தருகிறது. 1980களின் சட்டங்கள் பலவற்றில் பின்சக்கர இடைவெளி 126 மி.மீ.; 8 பல்சக்கரங்கள் கொண்ட புதிய சக்கரத்துக்கு 130 மி.மீ. தேவை. பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்தால் எஃகு இணங்கும். அலுமினியத்தையும் கார்பன் இழையையும் அவ்வாறு விரிக்கக் கூடாது. பிடியின் கணக்கும் பல்சக்கர இடைவெளியும் ஒத்திருப்பது அவசியம்.

ஒரே நிபந்தனை: எதையும் அறுக்காதீர், துளையிடாதீர்; கழற்றிய நெம்புகோலைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வேரை விடாமல் புதியதை ஏற்பது துரோகமன்று என்பதை அறிவேன். பழைய வண்டிக்கு நாம் செய்யும் மரியாதை, அதைச் சாலையில் ஓடவிடுவதே!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்