எழுதப்படாத தர்மசாதனம்

யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள் கோவில் வழக்குகளுக்குப் பஞ்சம் கண்டதில்லை. வழக்காளியும் எதிராளியும் பெரும்பாலும் ஒரே பாட்டனின் பேரர்களே. பாட்டன் தன் காணியில் வைரவர் சூலம் நட்டுக் கொட்டில் போட்டார். மகன் கல்லாற் கட்டினார். பேரர்கள் தேரும் செய்தார்கள். காணி யாருடையது, பராமரிப்பது யார் என்று உறுதி எழுத மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை. "வீட்டுச் சங்கதிக்கு நொத்தாரிசு எதற்கு?" என்ற வீண் பெருமைதான் காரணம்.

1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இப்பெருமையை மதிப்பதில்லை. குடும்பத்தாரின் நன்மைக்கென ஒதுக்கும் காணியாயின், இறுதி விருப்பாவணமோ நொத்தாரிசு முன் எழுதிய உறுதியோ வேண்டும். அறக்கொடைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: சாதனம் இல்லாவிடினும், சூழ்நிலைகளைக் கொண்டு நம்பிக்கைப் பொறுப்பு உண்டென நீதிமன்றம் தீர்மானிக்கலாம். இதை நம்பி இருப்போருக்குச் சொல்கிறேன்: சூழ்நிலை என்பது பழைய திருவிழா நோட்டீசும் உபயகாரர் பட்டியலும் முதியோர் சாட்சியமுந்தான். அம்முதியோர் இன்று எங்கே? 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு தொலைந்த கடதாசிகள் எத்தனை?

"எழுதிக் கொடுத்தால் ஊரவன் உள்ளே வந்துவிடுவான்" என்பது மனேச்சர்மாரின் நிரந்தர அச்சம். ஊரவன் வர உறுதி தேவையில்லை, ஐயா. பொது வழிபாட்டுக்குரிய கோவிலாயின், அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து வழக்கிட்டு, நிருவாகத் திட்டமொன்றை நீதிமன்றமே வகுக்குமாறு கேட்கலாம். நீங்கள் எழுதாத சாதனத்தை நீதிபதி எழுதுவார். அதில் உங்கள் பாட்டனின் விருப்பம் எந்த அளவுக்கு இடம்பெறும்?

பத்தாண்டு ஆண்டனுபவித்தால் தமக்கே உரித்தாகும் எனக் காத்திருக்கும் மருமக்களும் உளர். அறக்கொடைச் சொத்தை மீட்கும் கோரிக்கைக்குக் காலாவதித் தடை இல்லை; ஆனால் அறக்கொடை உண்டென்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும். பேச்சு மீண்டும் உறுதியிடமே வந்து நிற்கிறது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கோபுரத்துக்குப் பணம் சேர்ப்போர், அப்பணத்தில் சிறு பங்கையாவது நில அளவையாளருக்கும் நொத்தாரிசுக்கும் ஒதுக்கட்டும். கோவில் வீதி எதுவரை, குடியிருப்பு வளவு எதுவரை என்பது வரைபடத்தில் பிரியட்டும். வெளிநாடு போய்ப் பொறுப்பாற்ற முடியாதவர் விலகவும், அவரிடத்துக்கு அடுத்தவர் வரவும் வழி எழுதப்பட்டு, உறுதி காணிப் பதிவகத்திற் பதியப்படட்டும். ஆளுக்கொரு மைத்துனனுக்கு அற்றோணித் தத்துவம் அனுப்புவது நிருவாகமாகாது.

இன்னொன்று. தேசவழமைப்படி சீதனக் காணி மகளுக்குப் போகும். அக்காணியில் நிற்கும் கோவிலின் திறப்பு மட்டும் மகனிடம் இருக்கும். வழக்குக்கு இதைவிட வேறு வித்து வேண்டுமா? மகள்மாரின் பெயரையும் பொறுப்பாளர் நிரலில் எழுதுங்கள்.