வீட்டு விவகாரமா, மனித உரிமையா?

2001 ஆகஸ்ட் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு தொடங்கியது. அதில் சாதியையும் விவாதிக்க வேண்டும் என்று தலித் மனித உரிமை இயக்கத்தினர் கோரினர். கூடவே கூடாது என்றது அன்றைய வாஜ்பாய் அரசு.

அரசின் வாதம் இதுதான்: இனம் வேறு, சாதி வேறு. தீண்டாமையை ஒழிக்க அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உள்ளன; எனவே உலக அரங்கில் இதைப் பேசத் தேவையில்லை. இயக்கத்தினர் கேட்டதோ வேறு: சட்டம் இருந்தும் கொடுமை தொடரும்போது நாங்கள் எங்கே போய் முறையிடுவது?

அரசின் வாதத்தில் ஒரு முரண் உண்டு. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல் இடம்பெறக் காரணமே இந்தியாதான். அச்சொல் சாதியையும் குறிக்கும் என்று ஐ.நா. குழு 1996இல் கூறியது. தென்னாப்பிரிக்காவின் இனப்பாகுபாட்டை 1946இலேயே ஐ.நா.வில் எழுப்பியதும் நம் நாடுதான். அன்று அது இன்னொரு நாட்டின் உள்விவகாரம் என்று நாம் ஒதுங்கவில்லையே!

டர்பன் அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. ஆனால் 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோடு ஒப்பிட்டுப் பேசினார். வெளியில் மறுத்த உண்மை வீட்டுக்குள் ஒலித்தது.

அரசை மட்டும் குறைசொல்லி நாம் தப்பித்துவிட முடியுமா? 'இது எங்கள் ஊர் வழக்கம், வெளியார் தலையிட வேண்டாம்' என்ற குரல் நம் பங்குகளிலும் கேட்டதுண்டே! கல்லறைத் தோட்டத்தில் சுவர், சில தெருக்களுக்குள் நுழையாத தேர்ப்பவனி என இறந்தவர்களையும் புனிதர்களையும்கூட நாம் சாதியால் பிரித்திருக்கிறோம். கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என 2003இல் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வலியுறுத்தினார். திருச்சபைக்குள் இப்பாகுபாடு இருப்பதை ஏற்று, 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது.

காயத்திற்கு என்ன பெயர் என்று அறிஞர்கள் வாதிடட்டும். காயம்பட்டவர் முறையிடும்போது, 'இது வீட்டு விவகாரம்' என்று வாயடைக்காமல் செவிமடுப்பதே நம் கடமை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் யார் குரல் இதுவரை கேட்கப்படவில்லை என்று பார்ப்போம்; அங்கிருந்தே தொடங்குவோம்.