கோயமுத்தூருல அலை எங்கீங்க?

"கோயமுத்தூருல கடலே இல்லீங்க, அப்புறம் எதுக்குங்க சர்ஃபிங்?" என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. "வீட்டிலேயே பேலன்ஸ் போர்டு மேல ஒரு மாசம் நின்னா போதும், நேரா போய் அலையில நிக்கலாம்" என்பவர்கள் இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு. இரண்டாவது, ஆபத்தான தப்பு.

முதல் கட்சிக்குப் பதில் சுலபம். ஸ்கேட்போர்டு பிறந்த கதையே இதுதான். 1950களில் கலிஃபோர்னியாவில், அலை வராத நாட்களில் சும்மா இருக்க முடியாதவர்கள் பலகைக்குச் சக்கரம் மாட்டித் தெருவில் ஓட்டினார்கள். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சின்ன வயதில் பேர் வாங்கியதே ஸ்கேட்போர்டில்தான். பிறகு சர்ஃபிங்கில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டார். ஆக, தரைப் பயிற்சி வீண் இல்லை.

ஆனால் எந்தப் பயிற்சி? இங்கேதான் இரண்டாவது கட்சி சறுக்குகிறது.

உடம்பு விழாமல் நிற்க மூன்று தகவல் வேண்டும். கண் பார்ப்பது, உள்காது உணர்வது, பாதமும் மூட்டுகளும் சொல்வது. பேலன்ஸ் போர்டில் நிற்கும்போது எதிர்ச் சுவர் அசையாது. பலகை மட்டும்தான் ஆடும். அலையிலோ தண்ணீர், பலகை, ஆள் எல்லாமே ஓடுகிறது. பேலன்ஸ் போர்டில் நின்று பழகியவர் பேலன்ஸ் போர்டில் கெட்டிக்காரர் ஆவார். அந்தத் திறமை அப்படியே அலைக்கு மாறிவிடாது.

இன்னொன்று. சைக்கிள் நின்றால் சாயும், ஓடினால் நிமிரும். சர்ஃப் போர்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். கையால் துழாவி வேகம் பிடிக்காதவர், எழுவதற்கு நேரம் எடுப்பவர், எவ்வளவு பேலன்ஸ் இருந்தாலும் விழுவார். விழுந்துவிட்டு "பேலன்ஸ் பத்தலை" என்பார்! உண்மையில் பத்தாதது தோள் பலம். சர்ஃபர் கடலில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, குப்புறப் படுத்துத் துழாவுவதிலேயே போகிறது. மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பது. பலகை மேல் நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னப் பங்குக்கு மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு வார இறுதியில் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்கு பஸ் ஏறுவது என்ன நியாயம்?

கோவளத்தில் சர்ஃபிங்கை வளர்த்த மூர்த்தி மேகவன் மீனவர். அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கடல் பிறந்ததிலிருந்தே பழக்கம். கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு அது கிடையாது. நீச்சலே தெரியாத பலர் உண்டு. ஆழியாற்றிலும் பவானியிலும் குளிக்கப் போன கல்லூரிப் பையன்கள் திரும்பாத செய்தி இந்த ஊர்ப் பேப்பருக்குப் புதிதா? காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு அறுந்தால், பேலன்ஸ் போர்டு வந்து காப்பாற்றாது.

அதனால் வரிசை இதுதான். முதலில் நீச்சல், பயிற்சியாளர் இருக்கும் குளத்தில். அடுத்து தோளும் முதுகும். பிறகு தரையில் படுத்த நிலையிலிருந்து ஒரே மூச்சில் துள்ளி எழுந்து, முழங்காலை மடக்கி, பார்வையை முன்னால் வைத்து நிற்பது. தினமும் இருபது முப்பது தடவை. இதற்குப் பாய் போதும், பைசா செலவில்லை. கடைசியில், ஹெல்மெட்டோடு ஸ்கேட்போர்டு.

ஓடிக்கொண்டே எடையை மாற்றுவதற்கு ஊரிலேயே ஆள் இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குனிந்து, திரும்பி, துள்ளி, தாளம் தப்பாமல் அடி வைக்கும் ஆட்டம் அது. கும்மி ஆடினால் சர்ஃபிங் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. நின்ற இடத்தில் ஆடும் பலகையைவிட, நகர்ந்துகொண்டே நிலை தவறாத கால் மேல் என்றுதான் அர்த்தம்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியபின் ஆசைப்படுபவர்கள் கூடுவார்கள். ஆசைப்படட்டும். பேலன்ஸ் போர்டுக்கு எடுத்து வைத்த காசை மட்டும் முதலில் நீச்சல் குளத்தில் கட்டட்டும்.