இரவுக் கடைசி நடையை மீண்டும் இயக்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், நகரப் பேருந்துப் பயணிகள் நலச் சங்கம்.

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், போக்குவரத்துக் கழக மண்டல அலுவலகம்.

பொருள்: நிறுத்தப்பட்ட இரவு 9.50 மணி நடையை மீண்டும் இயக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் முந்தைய மனுக்கள். 2. தங்கள் அலுவலகப் பதில்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது; இத்தடத்தில் தினமும் பயணிப்போரே இதன் உறுப்பினர்கள்.

பார்வை 1-இல் கண்டவற்றையே மீண்டும் எழுத நேர்ந்திருக்கிறது. முதல் மனுவுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்றும், அடுத்ததற்கு ‘தடத்தில் போதிய வருவாய் இல்லை’ என்றும் பதில் வந்தது. நேரில் வந்தபோது கிளை மேலாளரைப் பார்க்கச் சொன்னார்கள். கிளையில் மண்டலத்தைக் கேட்கச் சொன்னார்கள்.

கோரிக்கை 1: இரவு 9.50 நடை

இந்நடை நின்றபின் 8.40 வண்டியே கடைசி. கடைவீதி ஜவுளிக் கடைகள் ஷட்டர் இறக்குவதோ ஒன்பதரைக்கு. விற்பனைப் பெண்களும், ஓட்டலில் பாத்திரம் தேய்ப்போரும், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்து திரும்புவோரும் ஷேர் ஆட்டோவில் தலைக்கு 30 ரூபாய் கொடுக்கிறார்கள். 26 வேலை நாளுக்கு இது 780 ரூபாய். கட்டணமில்லாப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்பது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. அரசு கொடுப்பதை இங்கே ஆட்டோ வாங்கிக்கொள்கிறது.

வருவாய் இல்லை என்ற தங்கள் பதிலை அரசாணையே மறுக்கிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. அதற்கான தொகையைக் கழகங்களுக்கு அரசு ஈடுசெய்கிறது. ஆகவே நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டும் வருவாய்ச் சீட்டே. 9.50 நடையில் ஏறியோரில் பெரும்பாலோர் பெண்கள். நடத்துநர் பை இலேசாக இருந்ததன் காரணம் அதுதான். பையில் விழுந்த பணத்தை மட்டும் எண்ணிக் கிலோமீட்டர் வருமானம் குறைவு என்பது கணக்காகாது. கூட்டம் நிறைந்த வண்டியைக் காலி வண்டி என எழுதுவதற்கே அது சமம்.

மேலும், இரவில் திரும்ப வண்டி இல்லாதவர் காலையிலேயே பைக்கை எடுத்துவிடுகிறார். கடைசி நடையை வெட்டினால் காலை நடையின் வசூலும் குறையும். அதைக் காட்டி அடுத்த நடையும் வெட்டப்படும். சாலையை வாகனங்களுக்கு அல்ல, மக்களுக்கே ஒதுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. இங்கு நடப்பது அதற்கு நேர்மாறு.

எனவே, (அ) 9.50 நடையை உடனே இயக்க வேண்டும். (ஆ) அது நிறுத்தப்படுவதற்கு முந்தைய ஓராண்டில் வழங்கப்பட்ட கட்டணமில்லாச் சீட்டுகளையும் சேர்த்து வருவாயைக் கணக்கிட்டு, எழுத்துமூலம் தர வேண்டும்.

கோரிக்கை 2: நிறுத்தங்களில் கால அட்டவணைப் பலகை வைக்க வேண்டும்.

கோரிக்கை 3: நிழற்குடைகளின் கூரையைச் சீரமைக்க வேண்டும்.

கோரிக்கை 4: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி தாழ்தளப் பேருந்து ஒன்றையாவது இத்தடத்துக்கு ஒதுக்க வேண்டும்.

கோரிக்கை 5: பேருந்துகளை நிறுத்தம் தாண்டி நிறுத்துவதைத் தடுக்க வேண்டும்.

மற்றவை தாமதமானாலும் பொறுத்துக்கொள்வோம். முதல் கோரிக்கைக்கு மட்டும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சொல் இல்லாத பதிலை, 30 நாட்களுக்குள் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.