காலிப்பின் கடலும் நம் கண்ணீரும்

கலைக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு செல்வது வீண்செலவு என்றும், உருவங்கள் நிறைந்த இடத்தில் முஸ்லிமுக்கு என்ன வேலை என்றும் கேட்போர் நம்மிடையே உண்டு. உருவங்கள் குறித்த மார்க்கத்தின் எச்சரிக்கையை நாமும் மதிக்கிறோம். ஆயினும் பாராமலே தீர்ப்புரைப்பதை ஏற்பதற்கில்லை.

2016 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயை எண்ணிப் பாருங்கள். ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸில் பழைய கிடங்கு ஒன்றில் கடல்நீர் நிரப்பப்பட்டிருந்தது. பார்க்க வந்தோர் அந்நீரில் இறங்கி நடந்தனர். அங்கே சிலையில்லை, உருவப்படமில்லை. நீரும், சுவர்களில் சில சொற்களும் மட்டுமே இருந்தன. சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிட்டா உருவாக்கிய அப்படைப்பின் பெயர் 'வலியின் கடல்'.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகு கவிழ்ந்ததில் அவனுடைய அண்ணன் காலிப்பும் தாயாரும் மூழ்கி இறந்தனர். காலிப்பை நினைத்தவர் சிலரே. அந்தக் காலிப்புக்கே சுரிட்டா தம் படைப்பைக் காணிக்கையாக்கினார். 1973ஆம் ஆண்டு ராணுவப் புரட்சியின்போது கைதாகிக் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் நம் பிள்ளைக்காகத் துடித்தார். இதைக் காண்பதா வீண்செலவு?

எனினும் நம் வழக்கு இவர்களோடு முடியவில்லை. இத்தகைய இடங்களில் கண்கலங்கி, அலைபேசியில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அத்தோடு கடமை தீர்ந்ததென்று திரும்புவோரிடமே நமக்குப் பெரிய வழக்கு உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் சிந்தினார்கள். எனவே அழுகை இழிவன்று, அது கருணையின் அடையாளம். அழுத பின் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

கடல் கடந்து உயிர் தப்பி வந்தவர்களைக் காணக் கொச்சிவரை செல்ல வேண்டியதில்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. நாகரசம்பட்டியிலும் காவேரிப்பட்டணத்திலும் வாழும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் அம்முகாம்களுக்குள் கால் வைத்திருக்கிறோம்? ஒசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

"அவர்கள் நம் சமுதாயத்தினர் அல்லரே" என்று சிலர் கூறக்கூடும். காலிப்பும் சுரிட்டாவின் சமுதாயத்தினன் அல்லன். அண்டை வீட்டாரின் உரிமையை மதம் பார்த்து வழங்குமாறு நம் மார்க்கம் சொல்லவில்லை.

ஆகவே, கண்காட்சிக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். உள்ளம் உருகினால் உருகட்டும். ஆனால் திரும்பி வந்த வாரமே ஒரு முகாமின் வாசலுக்கோ, ஒரு தொழிலாளியின் வாடகை அறைக்கோ அதே பிள்ளைகளோடு செல்லுங்கள். கைப்பொருளும் கல்வி உதவியும் சென்று சேராத கண்ணீர் வெறும் உப்புநீரே.

அல்லாஹ் நம் உள்ளங்களை மென்மையாக்கி, நம் கைகளைத் தாராளமாக்குவானாக! ஆமீன்.