மனு கொடுக்கும் சபை மக்கள் சபை ஆகுமா?

"இந்தியாவிலேயே முதன்முதலில் சட்டசபை அமைத்த சமஸ்தானம் நம்ம திருவிதாங்கூர்தான் தெரியுமா?" நாகர்கோவில் பக்கம் ராஜா காலத்துப் பெருமை பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் வசனம் இது. வருஷம் சரிதான், 1888. ஆனால் அந்தச் சபையில் இருந்தது மொத்தம் 8 பேர். அதில் 6 பேர் அரசு அதிகாரிகள்! கூடிய இடம் திவானின் அறை.

1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. பெயரில் பிரஜை இருந்தார். உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் நிலவரி அதிகம் கட்டிய பண்ணையார்களும் பெரிய வியாபாரிகளும்தான். வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, குறை சொல்லி, திவான் பதிலைக் கேட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும். திவானை நீக்க அதிகாரம் கிடையாது. பங்குதாரர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் ஓட்டுப் போடக்கூடாது என்று ஒரு கம்பெனி பொதுக்கூட்டம் நடத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

"அந்தச் சபையால் நன்மையே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. 1912-ல் அய்யன்காளி அங்கே நின்றுதான் புலையர்களுக்கு நிலம் கேட்டார். நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள் வழிச் சொத்துரிமையை மாற்றிய 1926-ம் வருஷச் சட்டமும் திருவிதாங்கூர் சட்டசபை வழியே வந்ததுதான். ஆனால் அய்யன்காளியை உறுப்பினராக நியமித்தது யார்? அரசு. அரசு கொடுக்க நினைத்தது கிடைத்தது, கொடுக்க நினைக்காதது கிடைக்கவில்லை. இதற்குப் பெயர் உரிமை அல்ல, தயவு.

தயவு தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1910-ல் திவானை விமர்சித்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார், அச்சகம் பறிமுதல். பிரஜா சபை இருந்தும் தடுக்க முடியவில்லை. 1930-களில் சபை இரண்டானது, இரண்டுக்கும் தலைவர் அதே திவான்! பொறுப்பாட்சி கேட்ட மக்கள் மீது 1938-ல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு. 1946-ல் சர் சி.பி. ராமசாமி ஐயர் எல்லோருக்கும் ஓட்டு என்றார். ஆனால் அந்த ஓட்டில் வரும் சபையால் திவானை அசைக்க முடியாது என்பதுதான் அவருடைய 'அமெரிக்க மாடல்'. மக்கள் ஏமாறவில்லை.

இது பழங்கதை அல்ல. சீனாவின் தேசிய மக்கள் பேரவையில் கிட்டத்தட்ட 3000 பேர். 2018-ல் அதிபரின் பதவிக்கால வரம்பை நீக்க ஆதரவாக 2958 ஓட்டு, எதிராக 2. ஆள் எண்ணிக்கையால் சபை பெரிதாகிவிடாது.

18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டுப் பிடாகை நாட்டார்கள் கூட்டம் போட்டு, அநியாய வரி கட்ட மாட்டோம் என்று தீர்மானித்தார்கள். அவர்களும் நிலக்காரர்கள்தான், எளிய மக்களின் பிரதிநிதிகள் அல்ல. ஆனாலும் அந்தக் கூட்டத்தை எந்த ராஜாவும் கூட்டவில்லை. 'மாட்டோம்' என்ற ஒரு சொல் அவர்களிடம் இருந்தது. பிரஜா சபையிடம் இல்லாதது அந்தச் சொல்தான்.

ஆகவே எந்த நாட்டிலும் ஒரு சபையைக் காட்டி 'இதோ ஜனநாயகம்' என்று யாராவது சொன்னால், கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் பார்க்க வேண்டாம். இரண்டே கேள்வி போதும். ஆள்பவரை இந்தச் சபை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அவர் கேட்கும் பணத்தைத் தர மறுக்க முடியுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், அது மனு வாங்கும் கவுண்டர். அவ்வளவுதான்!