விரிக்க விரிக்கச் சுருளும்



போன மாதம் ஒரு நாள் கோரிமேட்டில், ஜிப்மர் எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் மஞ்சப்பை. ரப்பர் பேண்ட் போட்ட காகிதச் சுருள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, "தம்பி, மறுபடி என்னிக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுப்பா" என்று நீட்டினார். ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், மாத்திரை எழுதிய சீட்டு, எல்லாவற்றுக்கும் உள்ளே கட்டம் போட்ட இளஞ்சிவப்புத் தாளில் ஈ.சி.ஜி. பல நாள் சுருட்டி வைத்த தாள்கள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை சுருண்டுகொண்டு வந்து விரலைத் தட்டியது. கடைசியில் அவர் ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடிக்க, தேதியைக் கண்டுபிடித்தேன். "அடுத்த வெள்ளிக்கிழமைங்கய்யா." அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஈ.சி.ஜி.யை உள்ளே வைத்து, பழைய வரிசையிலேயே சுருட்டினார். எந்த ஊர் என்று கேட்டேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் என்றார்.

அந்த ஊர்ப் பெயர் அன்று பகல் முழுக்க என்னோடு இருந்தது. காரணம், அந்த ஊரின் பழைய ஓலைக் கதையும், அலுவலகத்தில் மேசைமேல் காத்திருந்த ஒரு மெய்ப்புத் தாளும். சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த பழைய எழுத்துகளைப் பற்றிய கட்டுரை அது. ஓரத்தில் எங்கள் உதவி ஆசிரியர் பென்சிலால் எழுதியிருந்தார்: "ஸ்க்ரோல் என்பதற்குச் சுருளா, சுருளேடா? எதைப் போடலாம்?"

சின்னக் கேள்விதான். நாலு நாள் என்னை உட்காரவிடவில்லை.

ஆங்கிலச் சொல்லின் கதையை முதலில் பார்த்தேன். பழைய பிரெஞ்சில் 'எஸ்க்ரோ' என்று ஒரு சொல். தோலில் அறுத்தெடுத்த ஒரு துண்டு, ஒரு நறுக்கு என்று பொருள். ஆக, சுருட்டல் என்ற பொருளே அதில் முதலில் கிடையாது. ஆங்கிலத்துக்குப் போய் 'ஸ்க்ரோ' ஆகி, சுருட்டி வைத்த தாளைக் குறிக்கும் 'ரோல்' என்ற சொல்லோடு பழகிப் பழகி அதன் வாலை ஒட்டிக்கொண்டு 'ஸ்க்ரோல்' ஆயிற்று. அதே பழஞ்சொல் பிரெஞ்சில் 'எக்ரூ' என்று தனியாக வாழ்கிறது. சிறைக்கு வருபவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது எக்ரூ. விடுதலையாவதை இன்றும் 'லெவே தெக்ரூ' என்கிறார்கள், அந்தப் பதிவை எடுத்துவிடுவது.

'ரோல்' போன இடங்கள் இன்னும் அதிகம். நடிகருக்கு வசனம் எழுதிக் கொடுத்த சுருள் அவர் ஏற்கும் 'ரோல்' ஆனது. பள்ளிக்கூடத்து 'ரோல் நம்பர்' அந்த வழிதான். கணக்குச் சுருளைச் சரிபார்க்க எதிராக வைத்திருந்த மறுபடியைப் பிரெஞ்சில் 'கோந்த்ர்-ரோல்' என்றார்கள். அதுவே 'கண்ட்ரோல்'. ரேஷன் கடையைக் கண்ட்ரோல் கடை என்று சொன்ன நம் பாட்டிமார் வாயில் ஒரு பழைய பிரெஞ்சுக் கணக்கரின் நகல் சுருள் புழங்கியிருக்கிறது.

சரி, நம்மிடம் என்ன இருந்தது? இதைத்தான் உங்களோடு பேச ஆசைப்பட்டேன்.

நம் புத்தகம் சுருளவே இல்லை. பனையோலை குறுகல், அகலம் இரண்டு மூன்று விரற்கடைதான். காய்ந்த ஓலையை இறுக்கிச் சுருட்டினால் வெடிக்கும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். அது சுவடி. அதன் ஓர் இலை ஏடு. இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் கீழைத்தேயப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தச் சுவடிகளில் ஒன்றைக் கட்டவிழ்த்துப் படிக்கும்போது ஏட்டைத் தள்ளித்தான் போகவேண்டும். சாக்கடல் குகையில் கிடைத்த ஏசாயா சுருளோ 17 தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்த 7.34 மீட்டர் நீளம். ஓலையில் அப்படி ஒன்றைச் செய்யவே முடியாது.

நாம் சுருட்டியது வேறு. கடிதத்தை, ஆணையை, பத்திரத்தை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற ஒற்றை ஓலை எதுவோ அதைச் சுருட்டினோம்.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு எழுதும் இரண்டாவது கடிதத்துக்கு முடங்கல் என்று பெயர். முடங்குவது, வளைவது, அதனால் முடங்கல். ஓலையைச் சுருட்டி, மேலே மண்ணை வைத்து அப்பி, அந்த ஈர மண்ணில் தன் கூந்தலை அழுத்திப் பொறி வைக்கிறாள். மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்பவன் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். கோவலன் உடனே பிரிப்பதில்லை. மண்பொறியில் அவள் கூந்தல் நெய்யின் வாசம் இருக்கிறது. சேர்ந்து வாழ்ந்த காலத்து வாசம். அதிலேயே அவன் கை நின்றுவிடுகிறது. படித்து முடித்ததும், அவள்மேல் தவறில்லை என்று தெளிகிறான். பிறகு செய்கிற காரியம்தான் என்னை உலுக்கியது. அதே ஓலையைத் தன் தாய் தந்தையரிடம் கொண்டுபோகச் சொல்கிறான். அவள் தன்னிடம் கேட்ட மன்னிப்பு, தான் பெற்றவர்களிடம் கேட்கவேண்டியதற்கும் பொருந்துகிறது. ஒரு சுருள், இரண்டு மன்னிப்பு.

அடுத்தது அந்தப் பெரியவரின் ஊர். சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம் நடக்கும்போது ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் விரட்டிப்போய் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டத் தன்னிடம் இருக்கிறது என்கிறார். சேக்கிழார் அந்த அவையை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எழுத்துக்குரிய கரணத்தான் ஆவணத்தைத் தொழுது வாங்குகிறான். சுருளைப் பிரித்து விரிக்கிறான். முதலில் ஓலையின் பழமையைக் கவனிக்கிறான். அதற்குப் பிறகுதான் சபை கேட்க வாசிக்கிறான். பாட்டனார் கையெழுத்துத்தானா என்று பார்க்க, காப்பில் இருந்த அவருடைய வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டுக் காவியத்துக்குள் ஒரு முழுப் பத்திரப்பதிவு அலுவலகம்! நகல், மூலப்பத்திரம், கையெழுத்து ஒப்பீடு, ஆவணக் காப்பகம் எல்லாம் உண்டு. பிரெஞ்சுக்காரரின் 'கோந்த்ர்-ரோல்' செய்த வேலையை இங்கே படியும் மூலமும் செய்கின்றன.

இதைப் படித்தபோது எரேமியாவின் கதை நினைவுக்கு வந்தது. பழைய தமிழ் வேதாகமம் ஸ்க்ரோலைப் 'புஸ்தகச்சுருள்' என்று அழகாகச் சொல்கிறது. எரேமியா சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை வாசிக்க வாசிக்க, அரசன் யோயாக்கீம் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். எரேமியா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாருக்கு எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறார். புத்தூரில் கிழிந்தது, எருசலேமில் எரிந்தது. இரண்டு இடத்திலும் சொல் பிழைத்துக்கொண்டது.

சுருள் என்ற சொல் நம்மிடையே ஓலையோடு நின்றுவிடவில்லை. தென்மாவட்டக் கல்யாண வீடுகளில் வெற்றிலையில் பணம் வைத்து மாப்பிள்ளைக்குக் கொடுப்பது சுருள். ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணி வாங்குவோமே, வட்டமாகச் சுருட்டிச் சாயம் ஏற்றிய அந்தத் துளி ஓலை, காதில் ஓலையையே நகையாகப் போட்டிருந்த காலத்தின் மிச்சம். படச்சுருள், கொசுவர்த்திச் சுருள் நமக்குத் தெரியும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களில் கணக்கோலைக் கட்டுகளுக்குச் 'சுருண' என்றே பெயர். நம் சுருணைதான். சுருட்டு கப்பலேறி ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிக்கிறார்.

இப்போது ஸ்க்ரோல் என்றால் கட்டைவிரல்தான். கணித்தமிழ்க்காரர்கள் 'உருட்டு' என்கிறார்கள். பொருத்தமான சொல், எனக்குப் பிடித்திருக்கிறது. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் திரையை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. முடங்கலுக்கு ஒரு பொறி இருந்தது, ஒரு பெயருக்கு அது வந்தது, படித்தால் முடிந்தது. நாங்களும் மாதாமாதம் முடிவுள்ள ஒன்றைத்தான் சுருட்டி, அஞ்சல் தலை ஒட்டி, உங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது உறையில் தட்டையாக வருகிறது. "பிரித்ததும் சுருண்டுகொள்ளும், தலையணைக்கடியில் வைத்து நிமிர்த்துவேன்" என்று ஒரு வாசகி முன்பு எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

மெய்ப்புக்கு வருகிறேன். ஏடு என்றாலே நமக்குத் தட்டையானது, அதைச் சுருட்டிச் 'சுருளேடு' ஆக்க மனம் வரவில்லை. இந்த இதழில் 'சாக்கடல் சுருள்கள்' என்றே போட்டிருக்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் சுருள் என்று எதைச் சொல்வீர்கள்? பரணில், டிரங்குப் பெட்டியில் சுருட்டி வைத்த தாத்தா காலத்துப் பத்திரமோ கடிதமோ இருந்தால், அவசரப்பட்டு விரிக்காதீர்கள், மடிப்பில் வெடித்துவிடும். அதைப் பற்றி மட்டும் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்